பிளேன் பத்தனையில் பனி பார்த்தவள்

போன மாசம் எங்க பிளேன் இறங்குதளத்துல ஒரு மெசினைக் கொண்டாந்து நட்டாங்க. ஆள் உயரத்துக்கு ரெண்டு கம்பம். ஒண்ணு வெளிச்சத்தை விடும், மத்தது வாங்கும். நடுவுல பனி எவ்வளவு இருக்குன்னு அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிரும். அதைத் திறக்குற விழாவுக்கு என்னையும் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, முன் வரிசையில உக்கார வச்சாங்க. இப்ப அங்க வேலை செய்யிற பொண்ணுங்க ரெண்டு பேர் பக்கத்துல வந்து, "அக்கா, இது வர்றதுக்கு முந்தி நீங்க எதை வச்சு பனியை அளந்தீங்க?"ன்னு கேட்டாங்க. "கண்ணை வச்சு"ன்னேன். சிரிச்சாங்க. நான் சிரிக்கல. சிறப்பு மலருக்கு அரைப் பக்கம் எழுதித் தாங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. அரைப் பக்கத்துல எனக்கு மூச்சு விடவே இடம் பத்தாது. நான் எழுதுறதை எழுதிடுறேன், அவங்க வெட்டுறதை வெட்டிக்கட்டும்.

இடத்தைச் சொல்லிடுறேன். பதுளையில இருந்து நமுனுகுல பக்கமா ஏறுற ரோட்டுல, ரெண்டு தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு மேடு. மரஞ்செடி இல்லாம வெறும் புல்லு மட்டும் முளைக்கிற நிலத்தை எங்க பக்கம் பத்தனைன்னு சொல்லுவோம். வெள்ளைக்காரத் துரைமார் அங்க குதிரை ஓட்டினாங்களாம். பொறகு ஒரு துரைக்குச் சொந்தமா பிளேன் வாங்குற பைத்தியம் பிடிச்சிருச்சு. தோட்டத்து ஆளுங்களை விட்டு மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ஒரு ஓடுபாதை போட்டுட்டார். அவர் சீமைக்குப் போனதும் ஓடுபாதையில மாடு மேஞ்சுச்சு. அப்புறம் அரசாங்கம் எடுத்து தார் போட்டுச்சு. யுத்த காலத்துல ஆமி பிளேன் வந்துச்சு. அப்ப வேலியோரம் நின்னு பாத்தாலே அடையாள அட்டையை எடுன்னுவாங்க. அதுக்கு அரசாங்கம் என்னமோ நீட்டுப் பேரா வச்சிருக்கு. எங்க ஆளுங்களுக்கு இன்னைக்கும் அது பிளேன் பத்தனைதான்.

சின்ன இடந்தானேன்னு இளக்காரமா நினைச்சிராதீங்க. மலை சரிஞ்சு ரோடு மூடிட்டா மருந்தும் பால்மாவும் இங்கதான் வந்து இறங்கும். பதுளை ஆஸ்பத்திரிக்கு ஐஸ் பொட்டியில ரத்தம் வரும். தேர்தல் வந்தா வாக்குப் பொட்டி போகும். எல்லங்கிற ஊரைச் சுத்திப் பாக்க வர்ற வெள்ளைக்காரங்க இறங்கின உடனே குளிருதுன்னு எங்ககிட்டயே போர்வை கேப்பாங்க. கொண்டுபோக முடியாதுன்னு டாக்டர்மார் கையை விரிச்ச நோயாளிங்க எத்தனையோ பேர் இங்க இருந்து கொழும்புக்குப் பறந்து போய் பொழச்சு வந்திருக்காங்க. அந்த ஓடுபாதையில புல்லு வெட்டினவர் எங்கப்பா. அவர் தவறினதும் அவர் இடத்துல கத்தியை எடுத்தவ நான், பவளம்.

பல வருஷம் புல்லுதான் வெட்டினேன். யுத்தம் முடிஞ்சு கொழும்புல இருந்து காலையில பயணிகள் பிளேன் வர ஆரம்பிச்சப்ப, வானிலை பாத்துச் சொல்ல உள்ளூர் ஆள் வேணும்னாங்க. பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணினவ அங்க நான் ஒருத்திதான். கொழும்புக்குப் பக்கத்துல மூணு மாசம் படிப்பு. மேகத்துக்கு இத்தனை பேரான்னு அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ரேடியோவுல இங்கிலீசுல நம்பர் சொல்லப் பழகினேன். கொழும்பு வெயில்ல கறுத்து, முடி கொட்டி, திரும்பி வந்தேன். படிப்பைப் பத்தி அவ்வளவுதான் சொல்ல இருக்கு. உண்மையான படிப்பு இங்க வந்து கனகசபை சேரோட மல்லுக்கட்டினதுதான்.

கனகசபை சேர் எங்க வானிலை அதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட ஆறேழு வயசுதான் கூட இருக்கும். குளிர் தாங்க மாட்டார், அட்டைக்கு அப்படிப் பயப்படுவார். ரெண்டு சோடி காலுறை போட்டு, அதுக்குள்ள சவுக்காரத்தைத் தேய்ச்சு விட்டுக்கிட்டுத்தான் வேலைக்கு வருவார். நாங்க முதுகுக்குப் பின்னால சிரிப்போம். ஆனா அந்த மனுசன் அட்டை மொய்க்கிற தேயிலைக்குள்ள தானே இறங்கி, சங்கிலி பிடிச்சு தூரம் அளந்தார். ஏன்னா பனி எவ்வளவுன்னு சொல்றதுக்குக் குறி வேணும். இத்தனை மீட்டர்ல இருக்குற இந்தப் பொருள் கண்ணுக்குத் தெரியுதா இல்லையா, அதுதான் கணக்கு. நானூறு மீட்டர்ல ஒரு சவுக்கு மரம். எண்ணூறுல தண்ணித் தாங்கி. ஆயிரத்து ஐந்நூறுல தேயிலை பெக்டரிக் கூரை. மூவாயிரத்துல மலை உச்சியில இருக்குற முருகன் கோவில். பயணிகள் பிளேன் இறங்கணும்னா கோவில் தெரியணும். நோயாளியை ஏத்த வர்ற பிளேனுக்குச் சட்டம் கொஞ்சம் இளக்கம், பெக்டரிக் கூரை தெரிஞ்சா போதும்.

அறிக்கை எழுதுற புத்தகத்துல அவர் ரெண்டு பத்தி கோடு கிழிச்சு வச்சிருந்தார். இந்தப் பக்கம் கண்டது, அந்தப் பக்கம் காணாதது. நான் பாத்துட்டு உள்ள வந்ததும் மூணு கேள்வி கேப்பார். குரல் உயராது, தலையும் நிமிராது.

"என்ன காணுறீர்?"

"தாங்கி தெரியுது சேர்."

"வேற?"

"அவ்வளவுதான் சேர்."

"சரி. என்ன காணேல்லை?"

அந்த மூணாவது கேள்விதான் எனக்கு எரிச்சல் மூட்டும். தாங்கி வரைக்கும் தெரியுதுன்னா அதுக்கு அப்பால தெரியலைன்னுதானே அர்த்தம், இதை வேற வாயால சொல்லணுமான்னு ஒரு நாள் கேட்டுட்டேன். "சொல்ல வேணும், எழுதவும் வேணும்"ன்னார். "கண்டதைச் சொல்லேக்க மனுசர் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவினம். காணாததைச் சொல்லேக்கதான் திரும்ப ஒருக்கா வடிவாப் பாப்பினம்." எனக்கு அது புரிய ஒரு பிளேன் தேவைப்பட்டுச்சு.

இதை எழுதக் கூச்சமாத்தான் இருக்கு. தோட்டத்து வரிசை வீடுங்களை லயம்னு சொல்லுவோம், எங்க லயத்துல ஒரு பழக்கம். காலையில பெரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆள் எண்ணுற இடத்துக்குப் போறப்ப, மலைப் பக்கம் திரும்பி "சாமி தெரியுது"ன்னு சொல்லி கன்னத்துல போட்டுக்குவோம். பனி மூடி மூக்கு நுனியே தெரியாத நாள்லயும் அப்படித்தான் சொல்லுவோம். கோவில் தெரியலைன்னு வாயைத் திறந்தா அன்னைக்கு முழுக்க விளங்காதுன்னு சொல்லுவாங்க. புள்ளையில இருந்து என் வாய் ஒரு நாளும் அதைச் சொன்னதில்ல. வேலைக்கு வந்தும் சொல்ல வேண்டி வரல. பனி கெட்டியா இருந்தா பெக்டரியே தெரியாது, அதை எழுதிட்டுப் போயிருவேன். பனி இல்லைன்னா கோவில் பளிச்சுன்னு தெரியும். பெக்டரி தெரிஞ்சு கோவில் மட்டும் தெரியாத நாளா பயணிகள் பிளேன் வர்ற நேரத்துல எனக்கு வாய்க்கல.

ஒரு கார்த்திகை மாசத்துக் காலையில வாய்ச்சுச்சு. கூரை தெரியுது. அதுக்கு மேல வெள்ளை. சேர் பதுளைக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். புத்தகத்தைத் திறந்து, காணாததுன்னு போட்ட பத்தியில பேனையை வச்சேன். கோவில்னு எழுதக் கை வரல. சத்தியமாச் சொல்றேன், கை வரல. மறுபடி வெளிய போய்ப் பாத்தேன். பாக்கப் பாக்க அந்த வெள்ளைக்குள்ள கோபுரம் மாதிரி என்னமோ இருந்துச்சு. சாமி தெரியுதுன்னு என் வாய் தானா முணுமுணுத்துச்சு. உள்ள வந்து கண்டதுங்கிற பத்தியில கோவில்னு எழுதி, ரேடியோவுல மூவாயிரம்னு சொல்லிட்டேன்.

பிளேன் என் வார்த்தையை நம்பி இறங்கி வந்துச்சு. வந்தவங்களுக்கு ஓடுபாதை தெரியல. தெரிஞ்சதெல்லாம் தேயிலை, அதுல கொழுந்து பறிச்சுக்கிட்டிருந்த பொம்பளைங்க. கடைசி நேரத்துல மூக்கைத் தூக்கி, இரைஞ்சுக்கிட்டு மேல போயிருச்சு. அந்த மலையில என் தங்கச்சி கொழுந்து பறிச்சுக்கிட்டிருந்தா. கூடையோட மண்ணுல கவுந்து படுத்தாளாம். கங்காணியோட குடை காத்துல பிச்சுக்கிட்டுப் போனதுதான் மொத்த நட்டம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "பிளேனோட வயித்தைப் பாத்தேன் அக்கா, சாமிதான் காப்பாத்துச்சு"ன்னு சிரிக்கிறா. அவளைக் கட்டிப் பிடிச்சு அழுதேன். அவளுக்கு ஏன்னு தெரியாது. பயந்துட்டேன்னு நினைச்சுக்கிட்டா.

மறுநாள் சேர் புத்தகத்தைப் பாத்தார். "கோயிலைக் கண்டனீரோ?"ன்னு கேட்டார். இல்லைன்னு சொல்லி எல்லாத்தையும் கொட்டிட்டேன், பெரட்டுப் பழக்கம் உட்பட. மூக்குக்கண்ணாடியைக் கழட்டி ரொம்ப நேரம் துடைச்சார். வேலை போச்சுடி பவளம், மறுபடி புல்லு வெட்டக்கூட விடமாட்டாங்கன்னு நான் நிக்கிறேன். அவர் கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதி எனக்குப் படிச்சுக் காட்டினார். உள்ளூர்ச் சனம் காணவில்லை என்று சொல்லத் தயங்குகிற ஒன்றைக் குறியாக வைத்தது தன்னுடைய பிழை, இடத்தைப் பற்றிக் கேட்டறியாமல் வைத்துவிட்டேன் என்று அதுல இருந்துச்சு.

"பிழை என்னோடது சேர், நீங்க ஏன் எழுதணும்?"னேன்.

"உம்மடையும்தான். அதை நீர் எழுதும். இது என்ர பங்கு"ன்னு சொல்லி ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

எழுதினேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்துச்சு, அவருக்கும் வந்துச்சு. அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு அதால ரெண்டு வருஷம் தள்ளிப் போச்சுன்னு ரொம்பப் பிந்தித்தான் கேள்விப்பட்டேன். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டினதில்ல. அந்தக் கிழமையே மழையில மறுபடி தேயிலைக்குள்ள இறங்கி, ரெண்டு கால்லயும் அட்டை கடிச்சு ரத்தத்தோட ஏறி வந்து, மூவாயிரம் மீட்டருக்குப் புதுக் குறி கொண்டாந்தார். மலை மடிப்புல நிக்கிற ஒத்தை யூகலிப்டஸ் மரம். அதைத் தெரியலைன்னு ஆயிரம் தடவை சொல்லலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அவர் நல்லா இருக்கணும். ஓய்வு எடுத்து ஊரோட இருக்கார், பொங்கலுக்குப் பொங்கல் போன் பேசுறோம்.

இனி மகேசு கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

மகேசு எங்க லயத்துப் பொண்ணு. எனக்கு ரெண்டு வீடு தள்ளி இருந்தா. தேயிலை பெக்டரியில தூள் அரிக்கிற வேலை. எனக்குப் புள்ள இல்ல. அவளுக்கும் கட்டி எட்டு வருஷமா இல்ல. அதனால ரெண்டு பேருக்கும் ஒரு ஒட்டுதல். ஒம்பதாவது வருஷம் ஒரு ஆம்பளைப் புள்ள பொறந்துச்சு. பொறந்த நாலாம் நாள் உதடு நீலமாயிருச்சு. இதயத்துல குறை, கொழும்புக்கு உடனே கொண்டு போய் ஒப்பரேசன் பண்ணணும், நாளைக்குன்னு இருந்தா காலம் கடந்துரும்னு பதுளையில டாக்டர் சொல்லிட்டாங்க. அன்னைக்குப் பாத்து அடைமழையில மண் சரிஞ்சு பண்டாரவளை ரோடும் மூடிக்கிச்சு, மகியங்கனை ரோடும் மூடிக்கிச்சு, ரயிலும் இல்ல. பிளேன் ஒண்ணுதான் வழி.

காலையில பத்து மணிக்குப் புள்ளையை ஏத்திக்கிட்டு அம்புலன்ஸ் வண்டி பிளேன் பத்தனைக்கு வந்துருச்சு. பிளேனும் தலைக்கு மேல வந்துருச்சு. சத்தம் கேக்குது, ஆளைக் காணோம். வெளிய நின்னு பாக்குறேன். சவுக்கு தெரியுது. தண்ணித் தாங்கி தெரியுது. பெக்டரிக் கூரை தெரியல. கூரை தெரியணும், தெரிஞ்சா இறங்கிரலாம். அவ்வளவுதான் வேணும். தெரியல.

உள்ள போய் எண்ணூறுன்னு சொன்னேன். சேர் மூணு கேள்வியும் கேட்டார், நான் மூணுக்கும் பதில் சொன்னேன். திரும்பினா வாசல்ல மகேசு. புள்ள பெத்த உடம்பு, நிக்க முடியாம சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா.

"அக்கா, பிளேன் ஏன் சுத்துது? ஏன் இறங்கல?"

"பெக்டரி தெரியல மகேசு. தெரிஞ்சாத்தான் இறங்கலாம்."

"என்னக்கா பேசுற? அங்கதான இருக்கு! நான் தெனமும் வேலைக்குப் போற பெக்டரி, எங்க போயிரும்? தெரியுதுன்னு சொல்லுக்கா. ஒரு வார்த்தைதானக்கா. உன் வாயில இருந்து ஒரே ஒரு வார்த்தை."

என் காலைப் பிடிச்சுட்டா. நான் சேரைப் பாத்தேன். அவர் ரேடியோவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். சொல்லுன்னும் சொல்லல, சொல்லாதேன்னும் சொல்லல. எனக்கு அந்த நேரம் அவர் மேல அவ்வளவு கோவம். மேல் மலையில கொழுந்து எடுக்குற கங்காணிக்குப் போன் போட்டேன், முந்தி குடையைப் பறிகொடுத்த அதே ஆள்தான். "மேல பனி எப்படிங்க?"

"மேலயும் ஒண்ணும் தெரியல பவளம். கொழுந்தைத் தடவித்தான் பறிக்கிறாங்க."

அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா வெளிய போனேன். எண்ணூறு. எண்ணூறு. பொறகு தாங்கியும் மறைஞ்சு நானூறாச்சு. அரை மணி நேரம் சுத்தின பிளேன், எண்ணெய் பத்தாதுன்னு சொல்லி, தெக்கே கடற்கரைப் பக்கம் இருக்குற இறங்குதளத்துக்குத் திரும்பிருச்சு. சத்தம் தேஞ்சு தேஞ்சு இல்லாமப் போறதை நாங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு நின்னோம். மகேசும் கேட்டா.

அவ கத்தல. குனிஞ்சு ஈர மண்ணை ரெண்டு கையாலயும் வாரினா. என் மேல தூத்தினா. "என் புள்ள போயிட்டா உன் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போகும்டி. பெத்திருந்தா தெரியும் உனக்கு"ன்னா. அவ புருசன் வந்து இழுத்துக்கிட்டுப் போனான். தலையெல்லாம் மண்ணு. அப்படியே அடுத்த அறிக்கைக்கு வெளிய போனேன்.

அம்புலன்ஸ்ல வந்த தாதியம்மா, ஒக்சிசன் மூணு மணி வரைக்கும்தான் வரும்னு சொல்லிட்டாங்க. பதினொண்ணாச்சு. பன்னெண்டாச்சு. பிளேனே அங்க இல்ல, ஆனா சேர் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா கேக்குறார். என்ன காணுறீர், வேற, என்ன காணேல்லை. ஒரு கட்டத்துல நான் வெடிச்சுட்டேன். "சும்மா சும்மா கேக்காதீங்க சேர்! தெரியல, தெரியல, தெரியல! உங்களுக்கு மனசே இல்லையா?"

அப்பத்தான் தலையை நிமித்தினார். கண்ணு சிவந்திருந்துச்சு. "கேட்காட்டி நான் எழும்பிப் போய், தெரியுது எண்டு ரேடியோவில சொல்லிப் போடுவன் பவளம். அந்தப் பயத்திலதான் கேட்டுக்கொண்டிருக்கிறன்"ன்னார்.

கோவமெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. பதில் சொல்லிட்டு மறுபடி வெளிய போனேன்.

ஒண்ணேகாலுக்குக் கங்காணி போன் வந்துச்சு. "பவளம், மேல வெயில் விழுந்துருச்சு! பனி கீழ சரியுது, உங்க பக்கந்தான் வருது!" சேர்கிட்ட ஓடினேன். எங்க கண்ணுக்குத் தாங்கி மட்டும் மறுபடி தெரியுது, எண்ணூறுதான். அதை அவர் ரேடியோவுல பைலட்டுக்கு அப்படியே சொன்னார். மேல் மலையில வெயில்னு தோட்டத்து ஆட்கள் சொல்றாங்க, இது நாங்க கண்டதில்லைன்னு தனியாச் சொன்னார். பைலட் நான் வர்றேன்னு கிளம்பிட்டார்.

ரெண்டு மணிக்கு மறுபடி தலைக்கு மேல சத்தம். கூரை இருக்குற பக்கம் கறுப்பா ஒண்ணு தெரிஞ்சுச்சு. இது கூரையா, இல்ல என் ஆசையா? கண்ணை மூடிக்கிட்டேன். பத்து எண்ணினேன். திறந்து பாத்தேன். கூரை. அதுல மூணு புகைபோக்கி இருக்கும். ஒண்ணு தெரியுது. ரெண்டு தெரியுது. பொறு, பொறு. மூணும் தெரிஞ்சுச்சு. உள்ள ஓடினேன். சேர் கேக்குறதுக்கு முந்தியே, "கூரை தெரியுது சேர்! மூணு புகைபோக்கியும் தெரியுது! ஒத்தை மரம் தெரியல!"ன்னு கத்தினேன். ஆயிரத்து ஐந்நூறுன்னு நானே ரேடியோவுல சொன்னேன்.

இறங்கிருச்சு. புள்ளையை ஏத்துறதுக்குள்ள பைலட் எங்க அறைக்கு வந்து, காலையில பனி பாத்தது யாருன்னு சிங்களத்துல கேட்டார். சேர் என்னைக் காட்டினார். தலையில மண்ணோட நிக்கிறவளை அந்த மனுசன் ஒரு நிமிசம் பாத்தார். "காலையில நீங்க ஆயிரத்து ஐந்நூறுன்னு சொல்லியிருந்தா, மறுபேச்சு இல்லாம இறங்கியிருப்பேன்"னு சொல்லிட்டு ஓடிட்டார். மகேசு புள்ளையோட ஏறினா. என் பக்கம் திரும்பிப் பாக்கல. பிளேன் போனதும் நான் ஓடுபாதை ஓரத்துல புல்லுல உக்காந்து ஓன்னு அழுதேன். சேர் ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டாந்து வச்சுட்டு, காலுறைக்குள்ள இருந்து ஒரு அட்டையைப் பிடுங்கி எறிஞ்சார்.

புள்ள பொழச்சுக்கிட்டான். இப்ப அவனுக்குப் பன்னெண்டு வயசு. ஓடுபாதை வேலிக்குள்ள விழுந்த பந்தை எடுக்க நுழைஞ்சு, காவல்காரர்கிட்ட ஏச்சு வாங்குற பயல். அவன் குரல் கேட்டாலே எனக்கு வயிறு குளிரும். அவன் உயிரோட இருக்கிறதாலதான் நான் ராத்திரியில தூங்குறேன். அந்த மூணு நாலு மணி நேரத்துல அவன் போயிருந்தா? காலையில நான் பொய் சொல்லி, பிளேன் ஒழுங்கா இறங்கியிருந்தா? இறங்கவும் கூடும், யார் கண்டது. சட்டத்தை ஒழுங்காச் செஞ்சேன்னு சொல்லி நான் நெஞ்சை நிமித்திக்கல. எனக்கு நல்லது நடந்துச்சு, அதுக்குக் கடமைப்பட்டிருக்கேன். வெயிலைப் பாத்துச் சொன்ன கங்காணிக்கும், கேட்டுக்கிட்டே இருந்த சேருக்கும், திரும்பி வந்த பைலட்டுக்கும், மூச்சை விடாமப் பிடிச்சுக்கிட்டிருந்த அந்தப் பச்சை உசுருக்கும்.

மகேசுதான் பேசல. ரெண்டு மாசம் கழிச்சு புள்ளையோட திரும்பி வந்தப்ப ஒரு சட்டை தைச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். கதவைத் திறக்கல. தண்ணி பிடிக்க பீலிக்கு நான் போனா அவ குடத்தைத் தூக்கிக்கிட்டு நகந்துருவா. நானும் வீம்புக்காரிதான். பொறகு போகல. நாங்க லயத்தை விட்டு, ஓடுபாதைக்கு மேல்பக்க மேட்டுல சின்னதா வீடு கட்டிக்கிட்டு வந்துட்டோம். வேலையில இருந்து ஓய்வும் எடுத்துட்டேன். பன்னெண்டு வருஷம் ஓடிப் போச்சு.

போன கிழமை காலையில ஏழு மணி இருக்கும், போன் அடிச்சுச்சு. தெரியாத நம்பர்.

"அக்கா, நான் மகேசு."

கையில இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வச்சேன்.

"பய வளந்துட்டதால, அப்ப ஒப்பரேசன்ல இதயத்துக்குள்ள வச்ச குழாயை மாத்தணுமாம்க்கா. ரோட்டுல ரொம்ப நேரம் குலுக்கக் கூடாதுன்னு பிளேன்ல ஏத்துறாங்க. பிளேன் பத்தனையிலதான் நிக்கிறோம். இங்க எல்லாரும் பனி இல்ல, கிளம்பலாம்னு சொல்றாங்க. எனக்கு மனசு கேக்கல. நீ கொஞ்சம் வெளிய வந்து பாத்துச் சொல்லுக்கா."

போனைக் காதுல வச்சுக்கிட்டே வாசலுக்கு வந்தேன். என் வீட்டுல இருந்து பாத்தா எல்லாக் குறியும் கொஞ்சம் சாய்ஞ்சுதான் தெரியும், ஆனா தெரியும். அவசரப்படாம ஒண்ணொண்ணாப் பாத்தேன். சவுக்கு, தாங்கி, கூரை. கூரையில மூணு புகைபோக்கியையும் எண்ணினேன். அதுக்கு அப்பால மலை மடிப்புல ஒத்தை மரம், கிளை கிளையா.

"தெரியுது மகேசு. ஒத்தை மரம் வரைக்கும் தெரியுது. ஏத்து."

"நெசமாத்தானக்கா?"

சுருக்குன்னு கோவம் வந்துருச்சு எனக்கு. "நான் என்னைக்காவது உங்கிட்ட பொய் சொல்லியிருக்கேனாடி?"



"இல்லக்கா. அதனாலதான் உனக்குப் போன் எடுத்தேன்"னா. பொறகு அவ மகன்கிட்ட, "நீ ஏறுய்யா"ன்னு சொல்றது கேட்டுச்சு.